சிரி... சிரி... சிரிடா! – குழந்தை போட்டோ என்னும் கொடுமை

ஒரு வயதுக் குழந்தைக்கு உலகத்திலேயே பிடிக்காத ஆள் யார்? சந்தேகமே வேண்டாம், தடுப்பூசி போடும் டாக்டர்தான் முதலிடம். இரண்டாம் இடம்? போட்டோ எடுப்பவர்! டாக்டராவது ஒரே குத்தில் வேலையை முடித்துவிடுவார். இவர் முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும்.

எந்த ஊர் ஸ்டுடியோவிலும் நடப்பதுதான். முதல் பிறந்தநாளுக்கு முன்போ பின்போ ஒரு நாள் குழந்தையைத் தூக்கி வருகிறார்கள். அது தூங்குகிற நேரம். கழுத்தில் ஜரிகை குத்துகிற பட்டுச் சட்டை. இடுப்பில் நிற்காத வேட்டி. முகத்துக்கு நேரே இரண்டு பெரிய விளக்கு. அப்பா கிலுகிலுப்பையை ஆட்டுகிறார். அம்மா கை தட்டுகிறார். தாத்தா "அங்க பாரு, காக்கா!" என்கிறார். நாலு பக்கமும் சுவர் இருக்கிற ஏசி ரூமில் காக்கா எங்கிருந்து வரும் என்று குழந்தை குழம்புகிறது. அத்தை ஒரு மூலையில் இருந்து, சித்தி இன்னொரு மூலையில் இருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஐந்து பேர் ஐந்து திசையில் கத்தினால் பாவம், அது எங்கேதான் பார்க்கும்? உதடு பிதுங்குகிறது. அழுகை. கண்ணைத் துடைத்து, பவுடர் போட்டு, மறுபடியும் "சிரி... சிரி... சிரிடா!"

கடைசியில் எப்படியோ ஒரு படம் தேறிவிடும். குழந்தை சிரிப்பது போலத்தான் இருக்கும். கூர்ந்து பார்த்தால் இமை ஓரத்தில் ஈரம் தெரியும். அதைத்தான் பிரேம் போட்டு ஹாலில் மாட்டுவார்கள்.

சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். குழந்தையைச் சிரிக்க வைத்துப் படம் எடுக்கக் கூடாது. அது சிரிக்கும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். சிரிக்கவில்லையா? சிரிக்காத முகத்தை எடுங்கள். அதுவும் அந்தக் குழந்தையின் முகம்தானே!

"இதெல்லாம் ஒரு விஷயமா? ஒரு நாள் அழுதால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

தாத்தா காலத்து விறைப்பு

"அந்தக் காலத்திலும் குழந்தைகளை விறைப்பாக நிற்க வைத்துத்தானே எடுத்தார்கள்?" என்று ஒரு கேள்வி உடனே வரும். ஆமாம், எடுத்தார்கள். ஏன் எடுத்தார்கள் என்பதுதான் முக்கியம்.

1839-இல் பிரான்சில் டாகுவேரின் புகைப்பட முறை வெளியானபோது ஒரு படம் பதிவாகப் பல நிமிடங்கள் பிடித்தன. அவ்வளவு நேரம் யாரால் ஆடாமல் உட்கார முடியும்? அதனால் உட்காருபவரின் பின்னந்தலையைப் பிடித்துக்கொள்ள இரும்புத் தாங்கி வைத்தார்கள். குழந்தைகள் அதற்கும் அடங்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு தந்திரம் செய்தார்கள். தாயின் மேல் முழுவதுமாக ஒரு துணியைப் போர்த்தி நாற்காலி மாதிரி உட்கார வைத்து, அவள் மடியில் குழந்தையை வைத்துப் படம் எடுப்பார்கள். குழந்தை மட்டும் தெரியும். அம்மா திரைச்சீலையாகிவிடுவாள்! 19-ஆம் நூற்றாண்டின் அந்தப் படங்களை இன்று பார்த்தால் துணிக்குள் ஓர் உருவம் இருப்பது நன்றாகவே தெரிகிறது. பேய்ப் படம் போல இருக்கும்.

நம் ஊருக்கும் இந்தக் கலை சீக்கிரமே வந்துவிட்டது. 1856-இலேயே சென்னையில் போட்டோகிராபிக் சொசைட்டி ஆரம்பித்தாயிற்று. பிறகு ஊர் ஊராக ஸ்டுடியோக்கள். தூணும் படிக்கட்டும் வரைந்த திரை, ஒரு ஸ்டூல், அதன் மேல் பூஜாடி, ரொம்ப நவீனமான ஸ்டுடியோ என்றால் ஒரு பொய் டெலிபோன். அந்தப் பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேகரித்து டிஜிட்டல் வடிவில் பாதுகாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு செய்திருக்கிறது. பாதுகாக்க வேண்டிய சொத்துதான், மறுப்பில்லை.

ஆனால் அந்த விறைப்புக்குக் காரணம் என்ன? காசு! 120 பிலிம் ரோலில் சதுரப் படம் எடுத்தால் 12 படம். பிறகு வந்த 35 மி.மீ. ரோலில் 36 படம். ஒவ்வொரு 'கிளிக்'குக்கும் பிலிம், கழுவும் செலவு, பிரிண்ட் செலவு. குடும்பத்துக்கே வாழ்நாளில் இரண்டு மூன்று படம்தான். அதில் ஒன்று ஆடிப்போனால் அழுகை வரும். "அசையாதே" என்று தாத்தா காலத்து போட்டோகிராபர் சொன்னது இல்லாமையால். அது கலையின் விதி என்று யாரும் சொல்லவில்லை.

இன்று ஒரு மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான படம் எடுக்கலாம். பத்தாயிரம் எடுத்து ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்தை அழிக்கலாம். பைசா செலவில்லை. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. பிலிமைத்தான் தூக்கி எறிந்தோம், பிலிம் காலத்து அவசரத்தை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

கூடைக்குள் குழந்தை

பழக்கம் போகாதது மட்டும் என்றால்கூட மன்னிக்கலாம். நிலைமை மோசமாகிக்கொண்டு போகிறது. இப்போது 'தீம்' வந்துவிட்டது. கூடைக்குள் குழந்தை, வாளிக்குள் குழந்தை, சூட்கேசுக்குள் குழந்தை, பூசணிக்காய்க்குள் குழந்தை. நம் ஊர் வெயிலில் கம்பளித் தொப்பி போட்ட குழந்தை, பனி விழாத தேசத்தில் பஞ்சுப் பனிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆறு மாதத்தில் குப்புற விழுந்து, தவழ்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போட்டுப் பார்க்கும் அற்புதமான ஜீவனுக்கு அந்தப் படத்தில் என்ன வேலை? காய்கறி வேலை!

இதிலே ஆபத்தான ஒன்று உண்டு. பிறந்து பத்து நாள்கூட ஆகாத சிசு, முழங்கையை ஊன்றி, இரண்டு உள்ளங்கை மேலும் தாடையை வைத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி ஒரு படம். பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். பச்சைக் குழந்தையால் தலையைத் தானாகத் தூக்கி நிறுத்தவே முடியாது, கழுத்துத் தசை உறுதிப்படவில்லை. பிறகு எப்படி? அது ஒரே படம் இல்லை. ஒரு படத்தில் உதவியாளர் குழந்தையின் தலையைப் பிடித்திருப்பார். இன்னொன்றில் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒட்டி, பிடித்த கைகளை அழித்துவிடுவார்கள். முறையாகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு இது தெரியும். தெரியாமல் இணையத்தில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதே மாதிரி நிஜமாகவே குழந்தையை நிறுத்தப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தாடை நெஞ்சில் மடிந்தால் சிசுவுக்கு மூச்சுப் பாதை அடைபடும். அதனால் கத்தக்கூட முடியாது. ஒரு படத்துக்காக எடுக்கிற ரிஸ்கா இது?

பாட்டிமார்கள் "குழந்தையை அதுக்குள்ள போட்டோ எடுக்காதே, கண்ணு பட்டுடும்" என்று தடுத்ததை மூடநம்பிக்கை என்று சிரித்தோம். திருஷ்டி இருக்கிறதோ இல்லையோ, அந்தத் தடையால் பச்சை உடம்பு பத்திரமாக வீட்டுக்குள் கிடந்தது.

மறைந்துபோகும் கறுப்பு

திருஷ்டி என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். குழந்தையின் கன்னத்தில் அம்மா வைத்த மைப்பொட்டு. எடிட்டிங்கில் முதலில் அழிக்கப்படுவது அதுதான். 'கறை'யாம்! குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, வழித்தெடுத்த மையை விரல் நுனியில் தொட்டு வைத்த பொட்டு கம்ப்யூட்டருக்குக் கறையாகத் தெரிகிறது.

பொட்டோடு நின்றால் பரவாயில்லை. அடுத்தது தோல். மாநிறக் குழந்தை ஸ்டுடியோவுக்குள் போய் வெள்ளைக் குழந்தையாக வெளியே வருகிறது. பிறந்தநாள் பிளெக்ஸில் இருக்கும் குழந்தையையும் அதன் கீழே நின்று கேக் வெட்டும் குழந்தையையும் பார்த்தால் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல முடியாது. முகப்பூச்சுக் கம்பெனியே 2020-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற பெயரில் இருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. கம்பெனிக்கே கூச்சம் வந்துவிட்டது. எடிட்டிங் டேபிளுக்கு இன்னும் வரவில்லை.

இதில் கேமராவின் தவறும் உண்டு, கேமராவைப் புரிந்துகொள்ளாதவரின் தவறும் உண்டு. கேமராவின் ஒளிமானி பார்க்கிற காட்சியை எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளைத் திரைக்கு முன்னால் மாநிறக் குழந்தையை உட்கார வைத்தால், திரையின் வெளுப்பைப் பார்த்துவிட்டு வெளிச்சம் அதிகம் என்று கேமரா குறைத்துவிடும். முகம் உள்ளதைவிட இருண்டு போகும். "குழந்தை கறுப்பா விழுந்திருக்கு" என்று பிறகு பூசுவார்கள். எடுக்கும்போதே எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டினால் போதும், அல்லது வெள்ளைத் திரையைத் தூக்கிவிட்டுச் சுண்ணாம்பு உதிர்ந்த நீலச் சுவரோ, செங்கல் சுவரோ பின்னால் இருக்கட்டும். அந்தத் தோலின் நிறம் அப்படியே அழகாக விழும்.

இது ஒப்பனைப் பிரச்சினை என்று யாராவது நினைத்தால் தப்பு. அந்தக் குழந்தைக்குப் பதினைந்து வயதாகும்போது அந்த ஆல்பத்தைப் பிரிக்கும். "உன் நிறம் எங்களுக்குப் போதவில்லை, அதனால் மாற்றிவிட்டோம்" என்று பெற்றவர்களே நாற்பது பக்கத்துக்கு எழுதிக் கொடுத்த சாட்சி அது.

கணக்குப் பார்த்தால்

இவ்வளவும் ஏன் நடக்கிறது? போட்டோகிராபர்கள் கெட்டவர்களா? நிச்சயமாக இல்லை. கணக்கு அப்படி இருக்கிறது.

ஒரு ஸ்டுடியோக்காரர் கேமரா, விளக்கு, கடை வாடகை, தீம் சாமான் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் போட்டிருக்கிறார். இது நிலையான செலவு. பத்துக் குழந்தை வந்தாலும் நூறு குழந்தை வந்தாலும் மாறாது. அதை மீட்க ஒரே வழி, அதே கூடையில் எத்தனை குழந்தையை உட்கார வைக்க முடியுமோ அத்தனையையும் உட்கார வைப்பது. அதனால்தான் ஒரு ஊரில் ஒரே வருடத்தில் பிறந்த குழந்தைகள் எல்லாம் ஒரே கூடையில் இருக்கின்றன! கூடைக்குப் போட்ட முதல் திரும்ப வேண்டாமா?

அடுத்தது, வாடிக்கையாளர் எதற்குக் காசு கொடுக்கிறார்? 'பேக்கேஜ்' நோட்டீஸைப் படித்துப் பாருங்கள். இத்தனை பக்க ஆல்பம், இத்தனை டிரஸ், இத்தனை தீம், ஒரு லேமினேஷன், ஒரு காலண்டர், முகம் அச்சடித்த ஒரு காபி கோப்பை. குழந்தையோடு எவ்வளவு நேரம் இருப்பார் என்பது அதில் எங்காவது இருக்கிறதா? காகிதத்துக்கு விலை இருக்கிறது, காத்திருப்புக்கு விலை இல்லை. விலை இல்லாத பொருளை எந்த வியாபாரியும் தர மாட்டார். நான்கு டிரஸ், நான்கு தீம், அடுத்த பார்ட்டி வாசலில் உட்கார்ந்திருக்கிறது. இதில் குழந்தை தூங்கி எழுந்து, பால் குடித்து, ஏப்பம் விட்டு, தானாக ஒரு சிரிப்புச் சிரிக்கும்வரை யார் பொறுப்பார்?

ஆக, பழியில் பாதி காசு கொடுப்பவருக்கு. பக்கத்தை எண்ணி வாங்கினால் பக்கம்தான் கிடைக்கும். நேரத்தை வாங்க வேண்டும். ஒரு டிரஸ், தீம் இல்லை, ஆல்பம் சின்னதாக இருக்கட்டும், ஆனால் ஒரு முழுக் காலைப்பொழுது வீட்டுக்கு வந்து இருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு நியாயமான கூலியையும் கொடுங்கள். சாமான் செலவு இல்லாததால் அவருக்கும் கட்டுப்படியாகும்.

சிரிப்பில் இரண்டு ஜாதி

"நாங்கள் சிரிக்க வைத்தாலும் சிரிப்பு சிரிப்புதானே?" இல்லை. டூஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-இலேயே ஒரு புத்தகம் போட்டு விளக்கிவிட்டார். வாயோரத்தை மேலே இழுக்கும் தசையை மனிதன் விரும்பியபோது இழுக்கலாம். கண்ணைச் சுற்றியிருக்கும் தசை அப்படிச் சொன்ன பேச்சைக் கேட்காது. மனம் மகிழ்ந்தால்தான் தானாகச் சுருங்கும். உண்மையான சிரிப்பை இன்றும் உளவியலாளர்கள் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். "பல்லைக் காட்டு" என்றால் மூன்று வயதுக் குழந்தை பல்லைத்தான் காட்டும். கண் சிரிக்காது. பள்ளிக்கூட குரூப் போட்டோ எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்று. ஆறேழு மாதத்தில் இருந்து குழந்தைக்குப் புது முகம் கண்டால் பயம் வரும். அது வளர்ச்சியின் அடையாளம், சொந்த மனிதர்களை அடையாளம் கண்டுகொண்டதால் வரும் பயம். அந்த வயதில் புது இடம், புது ஆள், முகத்தை மறைக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. அழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உலகம் நினைவில் வைத்திருக்கும் குழந்தைப் படங்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கல்கத்தாவில் பிறந்து 1879-இல் இலங்கையில் இறந்துபோன ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மையாருக்கு 48 வயதில்தான் கேமரா கிடைத்தது. 1864-இல் எடுத்த ஆனி என்ற சிறுமியின் படத்தைத் தன் முதல் வெற்றி என்று அவரே குறித்து வைத்தார். சாதாரணக் கோட்டு, கலைந்த தலை, எங்கோ பார்க்கும் முகம். அவ்வளவுதான். இதே அம்மையார் பிறகு குழந்தைகளுக்கு இறகு கட்டித் தேவதையாக்கவும் செய்தார். 1872-இல் எடுத்த ஒரு படத்தில் இறகு கட்டிய சிறுமி கைகளை மடித்து வைத்துக்கொண்டு பார்க்கிற பார்வை இருக்கிறதே... "எப்போ விடுவீங்க?" என்று கேட்கிற மாதிரியே இருக்கும். படத்தின் பெயரே 'நான் காத்திருக்கிறேன்'! நூற்றைம்பது வருடம் ஆகியும் இறகைத் தாண்டி அந்தச் சலிப்புதான் கண்ணில் படுகிறது. தீம் போட்டோவின் கதி இதுதான்.

பிரான்சில் 1894-இல் பிறந்த லார்டிக் கையில் சின்ன வயதிலேயே அப்பா கேமரா கொடுத்துவிட்டார். பத்துப் பதினோரு வயதில், 1905-இல், உறவுக்காரப் பெண் ஒருத்தி படிக்கட்டில் இருந்து அந்தரத்தில் குதிப்பதை எடுத்தான். குடும்பம் விளையாடிக்கொண்டிருந்தது, பையனும் அதில் ஒருவன். யாரும் அவனுக்காக நிற்கவில்லை. 1963-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்தப் படங்களைக் கண்காட்சியாக வைத்தது.

யூஜின் ஸ்மித் 1945-இல் ஒகினாவா போரில் படுகாயம் பட்டு நீண்ட காலம் கேமராவைத் தொடாமல் கிடந்தவர். 1946-இல் மீண்டும் கேமராவைத் தூக்கியபோது எடுத்தது தன் இரண்டு குழந்தைகளை. இருண்ட மரங்களுக்கு நடுவில் இருந்து வெளிச்சத்துக்குள் நடந்து போகிறார்கள். முதுகுதான் தெரிகிறது! முகம் இல்லை, சிரிப்பு இல்லை, கேமராவைப் பார்க்கவில்லை. 1955-இல் 68 நாடுகளில் இருந்து 503 படங்களோடு 'மனிதக் குடும்பம்' என்ற கண்காட்சி நடந்தபோது அதை நிறைவு செய்யும் படமாக வைத்தது இந்த முதுகுப் படத்தைத்தான். "சார், முகமே தெரியலையே" என்று நம் ஆட்கள் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

பின்னே எப்படித்தான் எடுப்பதாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமில்லை. பெரிய வித்தை எதுவும் வேண்டாம்.

1. குழந்தையின் இடத்துக்குப் போங்கள். வீடு, திண்ணை, முற்றம், மொட்டைமாடி, தெருமுனைக் கோயில். பழகிய இடத்தில் பழகிய முகம் இருக்கும்.

2. நேரத்தைக் குழந்தை சொல்லும். தூங்கி எழுந்து வயிறு நிறைந்த பின் வருகிற ஒரு மணி நேரம் தங்கம். வெளியே என்றால் காலை ஒன்பதுக்குள், மாலை நாலரைக்கு மேல். உச்சி வெயிலில் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் விழும். மரத்தடி என்றால் இலை நெருக்கத்தில் முகத்தில் பச்சை சாயல் அடிக்கும், நிழலின் ஓரத்துக்கு நகர்ந்துவிடுவது நல்லது.

3. வீட்டுக்குள் ஜன்னலோ திறந்த கதவோ போதும். டியூப்லைட்டை அணையுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் இன்னொரு நிறம்.

4. கீழே உட்காருங்கள். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலைதான் விழும். குழந்தையின் கண் மட்டத்தில் கேமரா இருந்தால்தான் அதன் உலகம் தெரியும். வேட்டி அழுக்காகும், ஆகட்டும்.

5. முதல் அரை மணி நேரம் கேமராவை எடுக்காதீர்கள். அம்மாவோடு பேசுங்கள், காபி குடியுங்கள். குழந்தை தானாக வந்து பையை இழுக்கும். அப்போது கேமராவையும் தொட்டுப் பார்க்க விடுங்கள்.

6. தவழும் குழந்தைக்கு ஷட்டர் 1/250 வினாடி, ஓடும் குழந்தைக்கு 1/500. விலை மலிவான 50 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். ஒரே முகம் என்றால் எஃப்/1.8 வரை திறக்கலாம். ஐந்து பேர் இருக்கும் குடும்பத்துக்கு அப்படித் திறந்தால் தாத்தா தெளிவாகவும் பேரன் மங்கலாகவும் விழுவார்கள், எஃப்/5.6-க்கு மூடிக்கொள்ளுங்கள்.

7. குடும்பத்தை உயரவரிசையில் நிறுத்தாதீர்கள். அது ரேஷன் கடை வரிசை. ஏதாவது வேலை கொடுங்கள். பாட்டி பூ தொடுக்கட்டும், பேத்தி நூலைப் பிடிக்கட்டும், அப்பா பலாப்பழம் உரிக்கட்டும். பல்லாங்குழியை நடுவில் வைத்துவிட்டால் அரை மணி நேரத்துக்கு யாருக்கும் கேமரா ஞாபகமே இருக்காது.

8. "சிரி" என்ற சொல் தடை. தாத்தாவுக்கும் சேர்த்துத்தான்.

கேட்கப்போகும் கேள்விகள்

"கிருஷ்ணர் வேஷம் போட்டு ஒரு படம் எடுக்க ஆசையாக இருக்காதா?" இருக்கும். எடுங்கள். ஒன்று. குழந்தை மயிலிறகைப் பிடுங்கி வாயில் வைத்தால் அதையும் எடுங்கள், பத்து வருடம் கழித்து அதைத்தான் எல்லோரும் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். கோகுலத்துக் கிருஷ்ணனும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை இல்லையே!

"செல்போனிலேயே தினமும் எடுக்கிறோமே, போட்டோகிராபர் எதற்கு?" நல்ல கேள்வி. ஆனால் அந்த ஆயிரம் படத்தில் அம்மா எத்தனையில் இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். எடுப்பவர் அவர்தான், அதனால் அவர் இருக்க மாட்டார். துணி போர்த்திய அந்த இங்கிலாந்துத் தாய் இன்று போனுக்குப் பின்னால் மறைந்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று, போன் தொலைந்தால், உடைந்தால் எல்லாம் போச்சு. மாதத்துக்கு நாலு படத்தையாவது பிரிண்ட் போட்டு வையுங்கள்.

"எல்லாமே இயல்பு என்று விட்டால் போட்டோகிராபருக்கு என்ன வேலை?" அவருக்குத்தான் வேலை அதிகம். வெளிச்சம் எங்கே, பின்னால் என்ன தெரிகிறது, அடுத்த நொடி குழந்தை எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்து காத்திருப்பது கூடை வைத்து எடுப்பதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். ஆனால் 'கேண்டிட்' என்று பெயர் வைத்துக்கொண்டு, "கேமராவைப் பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் பார்த்துச் சிரிங்க" என்று இயல்பையே இயக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் மாறினால் போதாது.

"நம் குழந்தை, நம் விருப்பம், இதில் ஊருக்கு என்ன?" குழந்தை உங்களுடையது, முகம் அதனுடையது. ஸ்டுடியோ கண்ணாடி ஷோகேஸில் இருந்தவரை நாலு தெரு பார்த்தது, இப்போது விளம்பரப் பக்கத்தில் ஏற்றினால் உலகமே பார்க்கும். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்று வகுத்து, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அந்த ஒப்புதல் பெற்றோரின் கையில் இருக்கிற பொறுப்பு. அழுகிற படத்தையும் குளிக்கிற படத்தையும் வேடிக்கைக்காக ஊருக்குக் காட்டும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். வீட்டு ஆல்பத்தில் இருக்க வேண்டியது வீட்டு ஆல்பத்தில் இருக்கட்டும். போட்டோகிராபரிடமும் "எங்களைக் கேட்காமல் எங்கும் போடக் கூடாது" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கடைசியாக

ஒரு குழந்தைக்குத் தன் முதல் மூன்று வருடம் ஞாபகம் இருக்காது. யாருக்கும் இருப்பதில்லை. அந்த மூன்று வருடத்தில் தான் எப்படி இருந்தோம், தன்னை யார் எப்படித் தூக்கினார்கள், தாத்தா எப்படிச் சிரித்தார் என்று தெரிந்துகொள்ள அதற்கு இருக்கும் ஒரே வழி, பெரியவர்கள் சொல்கிற கதையும் எடுத்து வைத்த படமும்தான். கதையில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். படமாவது உண்மை பேச வேண்டாமா?

வாடகைக் கூடையும், பூசிய நிறமும், வற்புறுத்தி வாங்கிய சிரிப்பும் அந்தக் குழந்தைக்கு எதையும் சொல்லாது. மூக்கு ஒழுக, ஒரு செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு, கன்னத்தில் மைப்பொட்டும் வாயோரத்தில் பருப்புச் சாதமுமாக அப்பாவின் தோளில் தொங்கும் ஒரு படம் எல்லாவற்றையும் சொல்லும்.

அடுத்த வாரம் யார் வீட்டிலாவது முதல் பிறந்தநாளோ காதுகுத்தோ இருந்தால், பேக்கேஜ் நோட்டீஸை ஓரமாக வைத்துவிட்டுப் போட்டோகிராபரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்க பிள்ளையோட எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

அவர் பக்கக் கணக்குச் சொன்னால், வேறு ஆளைப் பாருங்கள்.